விழுந்த பிள்ளையும் அடிபட்ட தரையும்

நடக்கப் பழகும் பிள்ளை இடறி விழுந்து அழும்போது, அருகிலிருக்கும் மூத்தம்மா ஓடிச் சென்று அதனைத் தூக்குவாள்; தூக்கிய கையோடு தரையிலே ஓங்கி இரண்டு அடி அடிப்பாள். “எங்கட பிள்ளைய விழுத்தினது நீதானே? இந்தா, வாங்கு!” என்பாள். பிள்ளையின் அழுகை அடங்கும். சில வேளைகளில் அதுவும் தன் சின்னஞ்சிறு கையால் தரையை அடித்துச் சிரிக்கும். தமிழ் பேசும் மக்கள் வாழும் இடமெங்கும் காணப்படும் இந்த வழக்கம், கல்முனைக்குடிக்கும் காரைதீவுக்கும் இடையில் கடலை ஒட்டிக் கிடக்கும் சாய்ந்தமருதின் வீடுகளிலும் உண்டு. பார்ப்பதற்கு இது விளையாட்டுத்தான். ஆயினும் இந்த விளையாட்டுக்குள் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. தரை குற்றவாளி, பிள்ளை நிரபராதி.

அடுத்த வீட்டிலே தீர்ப்பு மாறுகிறது. “பார்த்து நடக்கத் தெரியாதா? எத்தனை தரம் சொல்வது?” என்ற அதட்டல் கேட்கிறது. அங்கே குற்றவாளி பிள்ளை. ஒன்றரை வயது நிரம்பாத அந்தக் குற்றவாளிக்குத் தன்மீது சாட்டப்பட்ட குற்றம் இன்னதென்று விளங்குவதில்லை. தான் விழுந்தபோது தாயின் முகம் கறுத்தது என்பது மட்டும் விளங்குகிறது.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் நாம் அற்பமாகக் கருதிவிடலாகாது. வளர்ந்த மனிதரின் உலகத்திலும் இவையே உலவுகின்றன. தனக்கு நேர்ந்த தோல்விக்கெல்லாம் பிறரே காரணம் என்று சொல்லிக் கைகட்டியிருப்பவன் முதல் தீர்ப்பிலே வளர்ந்தவன். ஏழையின் வறுமைக்கு அவனுடைய சோம்பலே காரணம், பரீட்சையில் தவறிய மாணவனின் தோல்விக்கு அவனுடைய மந்த புத்தியே காரணம் என்று பேசுவோர் இரண்டாவது தீர்ப்பை ஒரு தத்துவமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே, விழுந்த பிள்ளைக்கு முன்னால் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி, குழந்தை வளர்ப்போடு முடிந்துவிடும் கேள்வி ஆகாது. அது நீதியைப் பற்றிய கேள்வியுமாகும்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். நடக்கக் கற்கும் குழந்தைகளை நியூயோர்க்கில் ஆராய்ந்த உளவியலாளர் கரன் அடோல்பும் அவருடைய துணைவர்களும் 2012ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதம் வரையான அக்குழந்தைகள், தம் மனம்போல் விளையாடும் ஒரு மணி நேரத்தில், சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்தனர். 17 தடவை விழுந்தனர். ஒரு நாள் முழுவதற்கும் இதனைப் பெருக்கிப் பார்த்தால், நடை என்று நாம் சொல்லும் இந்தச் சாதாரண வித்தை எத்தனை வீழ்ச்சிகளின் மேல் கட்டப்பட்டது என்பது புலனாகும். பிள்ளை விழுவது நடையில் நேர்ந்த தவறு என்று நாம் எண்ணுகிறோம். வீழ்ச்சியும் நடையின் ஒரு பகுதியே என்று அந்தக் கணக்கு சொல்கிறது. சாயும் உடலை எங்கே நிறுத்துவது, எந்தக் காலில் பாரத்தை வைப்பது, மணலில் எப்படி, சீமெந்தில் எப்படி என்பதையெல்லாம் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர் வேறெவருமில்லை; அந்த வீழ்ச்சிகளேதாம்.

அந்தப் பாடம் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கும் ஒரே நாள் குறிக்கப்படவில்லை. கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளைப் பின்தொடர்ந்த உலக சுகாதார நிறுவனம், 2006ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. நல்ல சுகத்தோடு வளரும் பிள்ளைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம், ஏறக்குறைய எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்து கிடக்கிறது என்பதே அம்முடிவு. “அடுத்த வீட்டுப் பிள்ளை பத்து மாதத்திலே நடந்துவிட்டது, நம்முடையது இன்னும் தவழ்கிறதே” என்று தாய்மார் ஒருவரையொருவர் வருத்திக்கொள்வதற்கு இயற்கையிலே எந்த ஆதாரமும் இல்லை. பதினெட்டு மாதம் கடந்தும் நடக்காத பிள்ளையைக் கிளினிக்கிலே காட்ட வேண்டும். அதற்கு முன்னால் பந்தயம் வைக்க வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் பிள்ளையை அதன் போக்கிலே விட்டுவிடுவதுதான் உதவியா? அவ்வாறு சொல்வது சோம்பலுக்குத் தத்துவப் பெயர் சூட்டுவதாகும். உதவி வேண்டும். எத்தகைய உதவி என்பதே ஆராயத் தக்கது.

நம் முன்னோர் செய்த மர நடைவண்டியைப் பாருங்கள். மூன்று சில்லும் பிடிப்பதற்கு ஒரு சட்டமும் உள்ள எளிய பொருள் அது. பிள்ளை தன் காலில் நின்று, தன் பாரத்தைத் தானே சுமந்து, அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. வண்டி கொடுப்பது ஒரு பிடிமானத்தை மட்டுமே. கடைகளில் விற்கும் மற்றொரு வகை வண்டியும் உண்டு. வட்டமான சட்டத்தின் நடுவிலே துணி இருக்கை தொங்க, பிள்ளை அதில் அமர்ந்தபடி கால் நுனியால் தரையை உந்தி அறை முழுவதும் ஓடுகிறது. ஓடுவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். உண்மையிலே அது நடக்கவில்லை. அதன் பாரத்தை இருக்கை சுமக்கிறது. சமநிலை என்ற பாடமே அங்கே இல்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தும் அதனுடன் சேர்ந்திருப்பதால், கனடா நாடு 2004ஆம் ஆண்டில் அந்த வண்டியின் விற்பனையையே தடை செய்துவிட்டது. இரண்டும் உதவிகள்தாம். ஒன்று பிள்ளையின் செயலைப் பிள்ளையிடமே விட்டுவைக்கிறது. மற்றது செயலைப் பறித்துக்கொண்டு, செய்துவிட்டது போன்ற தோற்றத்தைக் கொடுக்கிறது.

1934ஆம் ஆண்டில் தம் முப்பத்தேழாவது வயதிலே காலமான சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி, குழந்தையின் ஆற்றலை அளப்பதற்குப் புதிய கோல் ஒன்றைத் தந்தார். தனியே என்ன செய்ய முடிகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அறிந்த ஒருவரின் துணையோடு என்ன செய்ய முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள வெளியே கல்வி நிகழும் இடம் என்பது அவர் கருத்து. கற்றல் தனிமனித வித்தை மட்டுமன்று, அது மனிதருக்கிடையில் தொடங்குவது என்ற உண்மையை அவர் இவ்வாறு நிலைநாட்டினார். எனினும் துணை என்பது அளவு தாண்டினால் என்ன ஆகும்? நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவிலே செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. கடினமான புதிரோடு பிள்ளை போராடிக்கொண்டிருக்கையில், பெரியவர் இடைபுகுந்து அதை வாங்கித் தாமே முடித்துக் காட்டினார். அவ்வாறு முடித்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள், அடுத்து வந்த கடினமான வேலையை மற்றப் பிள்ளைகளைவிட விரைவிலே கைவிட்டனர். “இங்கே கொண்டுவா, நான் செய்து தருகிறேன்” என்பது அன்பான வார்த்தைதான். ஆனால் “இது உன்னால் ஆகாது” என்ற மறுபொருளையும் பிள்ளை அதிலே கேட்டுவிடுகிறது.

இன்னுமொன்று. நாம் கைகொடுக்கும் அளவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பதினொரு மாதக் குழந்தைகளின் தாய்மாரிடம், உங்கள் பிள்ளை எவ்வளவு சரிவான பலகையிலே தவழ்ந்து இறங்கும் என்று கேட்ட ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆண்பிள்ளையின் திறனைத் தாய்மார் உள்ளதினும் கூட்டிச் சொன்னார்கள். பெண்பிள்ளையின் திறனைக் குறைத்துச் சொன்னார்கள். பலகையில் விட்டுப் பார்த்தபோது இருபாலாரின் திறனிலும் வேறுபாடு இல்லை. இது அமெரிக்கத் தாய்மாரின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? விழுந்த பையனிடம் “ஆம்பிளப் பிள்ளை, எழும்பு!” என்கிறோம். விழுந்த சிறுமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறோம். ஒருவனுக்கு அழும் உரிமையையும் மற்றவளுக்கு எழும்பும் உரிமையையும் ஒரே நாளில், ஒரே முற்றத்தில் மறுத்துவிடுகிறோம். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அவள் சைக்கிள் மிதிக்கத் தயங்குவதைக் கண்டு, பெண்களின் இயல்பு அது என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதுவரை சொன்னதைக் கேட்கும் தாய் ஒருத்தி நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்கலாம்: “பொறுத்திருக்கச் சொல்கிறீர்கள், பொறுத்திருப்பதற்கு எனக்கு நேரம் எங்கே?” அறநூல்கள் பெரும்பாலும் பதில் சொல்லாமல் நழுவும் இடம் இதுதான். 1762இலே தம் ‘எமிலி’ நூலை வெளியிட்ட ரூசோ, குழந்தை விழட்டும், எழும்பட்டும், ஓடிச் சென்று பதறாதீர்கள் என்று முழங்கினார். நல்ல போதனைதான். ஆனால் அவர் கற்பனை செய்த அந்தச் சிறுவனுக்கு ஒரு முழுநேர ஆசான் இருந்தான். திரிவதற்குத் திறந்த வெளி இருந்தது. ரூசோவின் சொந்தப் பிள்ளைகள் ஐவருமோ, அவரே எழுதிவைத்தபடி, அனாதை விடுதியிலே விடப்பட்டார்கள். தத்துவத்துக்கும் தொட்டிலுக்கும் இடையில் பணம் என்ற ஒன்று நிற்கிறது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

பிள்ளை தன் கையாலே உண்ணப் பழகுவதை எடுத்துக்கொள்வோம். கவளம் வாய்க்குப் போகும் வழியிலே பாதி சிந்தும். வசதியுள்ள வீட்டில் அது ஒரு வேடிக்கை. நாளாந்தக் கூலியில் வாழும் வீட்டில் சிந்தியது அரிசி. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், இலங்கையில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிடத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. அந்த மாதத்தில் பிள்ளையின் கையிலிருந்து சோற்றுக் கோப்பையைப் பறித்துத் தானே ஊட்டிய தாயை, பிள்ளையின் தன்னம்பிக்கையைக் கெடுத்தவள் என்று எவர் குற்றம் சாட்டத் துணிவார்? தவறுவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க வல்லவரின் பிள்ளைகள் நிறையத் தவறி நிறையக் கற்கிறார்கள். வல்லாதவரின் பிள்ளைகள் குறைவாகத் தவறிக் குறைவாகக் கற்கிறார்கள். பிற்காலத்திலே இந்த வேறுபாட்டைத் திறமை என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

தாயே இல்லாத வீடுகளும் உண்டு. மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றவள், தன் பிள்ளையின் முதல் அடியைக் கைத்தொலைபேசியில் காண்கிறாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் அவ்வேலைக்குச் செல்வதைத் தடுக்கும் விதியொன்றை அரசு 2013இலே கொண்டுவந்தது. 2022இலே அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நலம் கருதிய விதி என்றார்கள். ஆனால் அதே பயணம் செல்லும் தகப்பனிடம் எவரும் பிள்ளையின் வயதைக் கேட்கவில்லை. அவளை அனுப்பிய வறுமையைப் பற்றியும் அந்த விதியிலே ஒரு சொல் இல்லை. விழுந்தவரையே குற்றவாளியாக்கும் அந்த அடுத்த வீட்டுத் தீர்ப்பு, இங்கே அரசாங்க முத்திரையோடு வந்து நிற்கிறது.

இவ்விடத்தில் நாம் தரையை அடித்த மூத்தம்மாவிடம் திரும்பிச் செல்ல வேண்டியவராகிறோம். தரைக்குக் குற்றமில்லை என்று எளிதாகச் சொன்னோமே, உண்மையிலே தரைக்குக் குற்றமே இல்லையா?

கிழக்குக் கரை முஸ்லிம் மக்களிடையே தாய்வழிக் குடி முறை நிலவுவதையும், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கத்தையும் வாசகர் அறிவர். இவ்வழக்கம் பெற்றோர்மீது சுமத்தும் பாரம் கொடியது. அதை இங்கே நான் மெச்சவில்லை. எனினும் அதனால் பிள்ளைக்குக் கிடைத்த நன்மை ஒன்றுண்டு. நடை பழகும் பிள்ளையைச் சுற்றி உம்மா, மூத்தம்மா, சாச்சிமார் என்று பல கைகள் இருந்தன. வளவிலே மணல் முற்றம் இருந்தது. விழுந்தால் வலிக்காத தரையும், எழும்பும்வரை பார்த்திருக்கப் பொழுதுள்ள கண்களும் ஒன்றாக வாய்த்தன. நல்ல கல்வி நிலையத்துக்கு வேண்டியவை இவ்விரண்டுமேயன்றோ?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தரையைக் கடல் பெயர்த்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆழிப்பேரலையில், அம்பாறை மாவட்டம் ஒன்றிலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகப் பெரிய இழப்பு இதனதே. சாய்ந்தமருதின் கடலோர வீடுகள் மணலோடு மணலாயின. அடுத்த ஆண்டிலே கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாது என்ற அறிவிப்பு வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இடையில் குடும்பங்கள் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் காலம் கழித்தன. நெரிசலான அந்தக் கொட்டில்களிலே ஒரு பிள்ளை எங்கே நடந்து பழகும்?

பேரழிவைக் கண்ட சிறு பிள்ளைகள் கற்றதையும் சில காலம் இழந்துவிடுவதுண்டு என்பது மருத்துவர் அறிந்த செய்தி. பேசிய பிள்ளை பேசாதிருக்கும்; மலசலம் சொல்லப் பழகிய பிள்ளை மீண்டும் படுக்கையை நனைக்கும்; தனியே நடந்தது தாயின் இடுப்பைவிட்டு இறங்க மறுக்கும். இதைப் பிடிவாதம் என்று தண்டிப்பது கொடுமை. பாதுகாப்பு திரும்பினால் கற்றதும் பெரும்பாலும் திரும்பும். அச்சம் பிள்ளைக்கு மட்டுமா? அலையிலே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பின்னர்ப் பிறந்த பிள்ளையைக் கையைவிட்டு இறக்க அஞ்சினால், அவளுக்கு நாம் குழந்தை உளவியல் போதிக்கப் போவதில்லை. 2019 ஏப்ரல் 26ஆம் நாள் இரவு, இவ்வூரின் வீடொன்றிலே பயங்கரவாதிகள் வெடித்த குண்டுகளில் குழந்தைகளும் மாண்டார்கள். அதற்குப் பின்னர், அச்செயலோடு எந்தத் தொடர்பும் இல்லாத மக்கள் சந்தேகப் பார்வையின்கீழ் வாழ நேர்ந்தது. இத்தகைய தரையிலே நிற்கும் பெற்றோரின் கை பிள்ளையை இறுக்கிப் பிடிப்பதில் வியப்பென்ன?

ஆகவே மூத்தம்மாவின் தீர்ப்பில் பாதி உண்மை உண்டு. தரைக்கும் குற்றம் இருக்கலாம். ஆனால் தரையை அடிப்பதால் அது சமனாகிவிடாது. அதைச் சமன் செய்ய வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் பிள்ளை அல்லர், பெரியவர்களாகிய நாம். இதைத்தான் இக்கட்டுரை வற்புறுத்த விரும்புகிறது: அடியெடுத்து வைப்பது பிள்ளையின் உரிமை, தரையைச் சீராக்குவது சமுதாயத்தின் கடமை. இரண்டையும் இடம்மாற்றிவிட்டே நாம் தவறுகிறோம். பிள்ளையின் அடியை நாம் எடுத்து வைக்கிறோம். தரையை அதன் விதியிடம் விட்டுவிடுகிறோம்.

பிறப்பிலேயே தசையோ நரம்போ தளர்ந்து, தாமதமாக நடக்கப்போகும் அல்லது நடக்கவே இயலாத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். முயற்சி திருவினையாக்கும் என்ற உபதேசம் அவர்களிடம் செல்லாது. அவர்களுக்கும் உரிமையான செயல்கள் உண்டு. ஒரு கரண்டியைப் பிடிப்பதும் வேண்டியதைச் சைகையால் கேட்பதும் அவர்களுடைய நடை. அத்தகைய பிள்ளையை வீட்டுக்குள் மறைத்துவைக்கும் வெட்கத்தை நாம் நீக்க வேண்டும். வீடு தேடிவரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் அஞ்சாமல் சொல்லவும், காலந்தாழ்த்தாமல் பயிற்சி பெறவும் வழி வேண்டும். களுத்துறையில் 1926இலே முதலாவது சுகாதாரப் பிரிவை அமைத்துத் தாய் சேய் நலத்தை வீட்டு வாசல்வரை கொண்டுசென்ற நாடு இது. எட்டக்கூடாத இலட்சியம் எதையும் நாம் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் அரசு செய்யும்வரை வீட்டிலிருப்போர் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு, அதற்குப் பணமும் வேண்டாம். பதினைந்து மாதக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2017இலே வெளிவந்தது. பெரியவர் ஒருவர் ஒரு பொருளைத் திறக்க முயன்று, தவறி, மறுபடி முயன்று வெல்வதைச் சில குழந்தைகள் கண்டனர். வேறு சில குழந்தைகள், அவர் சிரமமின்றி உடனே திறப்பதைக் கண்டனர். முயற்சியைக் கண்ட குழந்தைகள், தம் கையில் கொடுத்த இயங்காத விளையாட்டுச் சாமானை இயக்குவதற்கு மற்றவரைவிட அதிக தடவை முயன்றனர். நம் வெற்றியைக் காட்டிலும் நம் முயற்சியே பிள்ளைக்குப் பாடமாகிறது.

அந்தப் பாடத்துக்கு இந்தக் கரையிலே பஞ்சமில்லை. கரைவலை இழுப்போர் விடியலில் வலையை வளைத்து, பல கைகள் சேர்ந்து மணிக்கணக்காக இழுத்து, சில நாள்களில் வெறும் பாசியைக் கரை சேர்க்கிறார்கள். அவர்களை எவரும் “உனக்கு இழுக்கத் தெரியவில்லை” என்று ஏசுவதில்லை. “இன்றைக்கு மீன் படவில்லை” என்று சொல்லிவிட்டு மறுநாள் மீண்டும் தோணியைத் தள்ளுகிறார்கள். மருதமுனையின் கைத்தறியில் இழை அறுந்தால், நெய்பவர் தறியை அடிப்பதுமில்லை, தன்னை நொந்துகொள்வதுமில்லை. அறுந்த இடத்தை முடிந்து மேலே நெய்கிறார். உழைக்கும் மக்கள் தம் தொழிலில் தோல்விக்குக் கொடுக்கும் இந்தக் கண்ணியமான இடத்தைத் தம் பிள்ளைகளின் தோல்விக்கும் கொடுத்தால் போதும். கிழிந்த வலையைத் தைக்கும் வாப்பா, பிள்ளையை அப்பால் விரட்டாமல் அருகே இருத்திக்கொள்ளட்டும்; ஊசி தவறுவதையும் அது பார்க்கட்டும்.

நம் நாட்டின் இலவசக் கல்வி 1945 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பிள்ளையின் ஐந்தாவது வயதில் பாடசாலை வாசலிலே தொடங்குகிறது. அதற்கு முந்திய ஐந்தாண்டுக் கல்வி, தாயின் ஓய்வு நேரம் எவ்வளவோ அவ்வளவாகவும், வீட்டின் அரிசிப் பானை எவ்வளவோ அவ்வளவாகவும் இருந்து வருகிறது. உழைக்கும் தாய்மாருக்குப் பகல் பராமரிப்பு நிலையம், சிறு பிள்ளைகள் அச்சமின்றி ஓடக்கூடிய ஒரு திடல், பாலர் பாடசாலை ஆசிரியைக்கு வாழத்தக்க சம்பளம் என்று நாம் கேட்கும்போது, அவற்றை ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் இருக்கலாம். அவர்கள் பெற்ற பிள்ளைகள் எந்தத் தரையிலே விழுந்து எழும்பினார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை விழும் பிள்ளை நூற்றோராவது தடவை எழும்புவதற்கு எவருடைய உபதேசத்தையும் எதிர்பார்ப்பதில்லை. அது எம்மிடம் கேட்பது நிற்பதற்குரிய நிலத்தையும், காத்திருப்பதற்குரிய பொழுதையுமே. அவ்விரண்டையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கச் செய்யாத வரையில், தரையை அடிக்கும் நம் கை தன்னையே அடித்துக்கொள்கிறது.